சுத்தியலோடு போன காலை

அலுமினிய உடலின் பளபளப்பில் மயங்கிவிடக் கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டுதான், விற்பனைக்கு வந்திருந்த அந்தப் பழைய லேண்ட் ரோவர் சீரீஸ் 3 வண்டியைப் பார்க்கப் போனேன். 1948-இல் முதல் லேண்ட் ரோவர் வெளிவந்தபோது, போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாட்டால் உடற்பகுதியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அந்த வழக்கமே பின்னரும் தொடர்ந்தது. அடிச்சட்டமோ எஃகுதான், பெட்டி வடிவிலான அதனுள் தங்கும் சேறும் ஈரமும் உள்ளிருந்தே அரித்துவிடும்.

ஆகவே இருக்கையையும் வண்ணத்தையும் பொருட்படுத்தாமல், தரையில் படுத்துச் சட்டத்தை அங்குலம் அங்குலமாகச் சுத்தியலால் தட்டிக் கேட்டேன். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும், அரித்துப்போன இடம் மந்தமாக ஒலிக்கும். பின்புறக் குறுக்குச் சட்டத்தில் மட்டும் புதிதாகத் தடித்த கறுப்புப் பூச்சு இருந்தது (புதுப் பூச்சைக் கண்டால் எனக்கு எப்போதும் சந்தேகம்தான்); சுரண்டியபோது, ஓட்டையின் மேல் பற்றவைத்த ஒட்டுத் தகடு தெரிந்தது. ஓட்டுநரின் காலடித் தகடும் அவ்வாறே.

என்ஜின் குளிர்ந்த நிலையிலேயே கிளம்பியது. மஞ்சள் குமிழை அழுத்தியதும் முன்சக்கரங்களுக்கு விசை சென்றது. கூடுதல் இழுவைக்காகத் தாழ்ந்த கியருக்கு மாற்றும் சிவப்பு நெம்புகோலும் தடையின்றி இயங்கியது. முன்சக்கரங்கள் திரும்ப இடம்தரும், முன்அச்சு முனைகளின் உருண்டைக் கூடுகளில் குழி விழுந்து எண்ணெய் கசிந்ததைப் பெரிதுபடுத்தவில்லை. சட்டத்து எண் பதிவுச் சான்றோடு பொருந்தியபின், குறுக்குச் சட்டத்தை மாற்றும் செலவைக் கழித்து விலை பேசி வாங்கினேன்.