காவோர் சிவப்பு ஒயினும் வாத்துக்கறியும்

காவோரைத் தனியாகக் குடித்துப் பார்த்துவிட்டு "ஒரே துவர்ப்பு" என்று ஒதுக்குபவர்கள் நிறைய. அந்தத் துவர்ப்பு இறைச்சியையும் கொழுப்பையும் நம்பியே இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டு வந்த பிறகு ஊற்றுங்கள்.

பிரான்சின் தென்மேற்கில், துலூஸுக்கு வடக்கே, லோத் ஆறு வளைந்து வளைந்து ஓடும் பள்ளத்தாக்குதான் இதன் ஊர். 1956 உறைபனியில் கொடிகள் பெரும்பாலும் கருகிப்போயின. மறுபடி நட்டு வளர்த்து, 1971இல் ஏஓசி (ஊர்ப் பெயரைக் காக்கும் பிரெஞ்சு அரசின் சான்று) தகுதி பெற்றார்கள். சிவப்பு மட்டுமே அந்தப் பெயரில் வரலாம். குறைந்தது 70% மால்பெக் திராட்சை, மீதிக்கு மெர்லோ, தன்னா என்ற வேறு திராட்சை வகைகள். அர்ஜென்டினா மால்பெக்கின் பழுத்த, இனிப்புச் சாயலை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். இங்கே புளிப்பும் துவர்ப்பும் தூக்கல்.

ஆற்றோரத் தாழ்ந்த நிலத்துக் கொடிகள் தருவது பெரும்பாலும் மென்மையான, சீக்கிரம் குடிக்கக்கூடிய ஒயின். மேலே சுண்ணாம்புக்கல் மேட்டில் விளைவது இறுக்கமானது, சில வருடம் காத்திருக்க வேண்டும். முதல் பாட்டிலுக்கு ஆற்றோரத்தது போதும்.

இளம் ஒயினை வாயகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். கார்க்கை மட்டும் எடுத்து வைப்பதில் பயனில்லை, பாட்டில் கழுத்து வழியே காற்று என்ன பெரிதாகப் போய்விடும்? வெப்பம் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 22ஐத் தாண்டினால் ஆல்கஹால் மூக்கில் ஏறும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் துவர்ப்பு மட்டுமே நிற்கும்.

இதற்கு அந்த வட்டாரத்து வாத்து நெஞ்சுக்கறி, அதாவது மாக்ரே, எடுப்பாகப் பொருந்தும். 350 கிராம் துண்டு இரண்டு பேருக்குச் சரி. தோல்கொழுப்பில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் கட்டம் கட்டமாகக் கீறுங்கள். கத்தி சதையைத் தொட்டால் சாறு ஒழுகி, தோல் மொறுமொறுப்பாகாது. உப்பு தடவி, சூடாக்காத வாணலியில் தோல்பக்கம் கீழே வைத்து, மிதமான தீயில் 8 முதல் 10 நிமிடம். சூடான வாணலியில் போட்டால் மேல்தோல் கருகும், அடிக்கொழுப்பு உருகாமல் ரப்பராக நிற்கும். உருகியதை வடித்தெடுங்கள், உருளைக்கிழங்கு வறுக்க அதைவிட நல்லது கிடையாது. திருப்பிப் போட்டு 3, 4 நிமிடம். பிறகு 5 நிமிடம் ஆறவிட்டு நறுக்குங்கள். நடுவே இளஞ்சிவப்பு இருக்க வேண்டும். ஒரு துண்டு மென்று ஒரு வாய் குடித்தால், நாக்கை இழுத்துப் பிடித்த டானின், அதாவது துவர்ப்பைத் தரும் பொருள், கறியின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அடங்கிவிடும்.

மிளகாய்க் காரம் மட்டும் வேண்டாம், எரிச்சலும் துவர்ப்பும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். மிளகு தாங்கும்.

மீந்ததைக் கார்க் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் கெடாது, இளம் ஒயின் மறுநாள் இன்னும் இளகியும் இருக்கும். தென்மேற்கில் 'ஷப்ரோல்' என்று ஒரு பழக்கம் உண்டு: சூப் கிண்ணத்தின் அடியில் மிஞ்சிய சூடான சூப்போடு கொஞ்சம் சிவப்பு ஒயின் ஊற்றி, கிண்ணத்தையே தூக்கிக் குடிப்பது. அதற்கு மலிவான பாட்டிலே போதும்.