சுங்கை சிப்புட்டிலிருந்து திருச்சிக்கு எத்தனை மணி நேரம்?

கோலாலம்பூர் விமான நிலையத்திற்கும் திருச்சி விமான நிலையத்திற்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,690 கிலோமீட்டர். பயணச்சீட்டில் காலை 9 மணிக்குப் புறப்பாடு, 10.30க்கு வருகை என்றிருந்ததைப் பார்த்த அம்மா, ஒன்றரை மணி நேரத்தில் ஊர் வந்துவிடுமா என்று வியந்தார். நமக்கும் இந்தியாவுக்கும் உள்ள இரண்டரை மணி நேர வித்தியாசத்தைச் சேர்த்தால்தான் உண்மையான நான்கு மணி நேரம் வரும். அந்த நான்கிலும் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், ஏறுவதும், இறங்குவதும் அடக்கம். மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் மேலான முழு வேகத்தில் பறப்பது மூன்று மணி நேரம் இருந்தால் அதிகம்.

ஆனால் தோட்டத்து மக்களுக்கு இந்தக் கணக்கு பாதிதான். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் விமான நிலையம் இருக்கும் சிப்பாங் வரை நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 290 கிலோமீட்டர். அதற்கும் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் ஆகிறது. 1998இல் விமான நிலையம் சுபாங்கிலிருந்து சிப்பாங்குக்குப் போனதில் தலைநகரத்தார் என்ன கண்டார்களோ, வடக்கே இருக்கும் எங்களுக்குச் சாலைதான் நீண்டது. விடியற்காலை 2 மணிக்கு, பால்மரக் காட்டின் ஓரமாக இருக்கும் எங்கள் பழைய லயத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். தாப்பா ஓய்விடத்தில் ஆளுக்கொரு தே தாரேக். பசியாறியது விமான நிலையத்தில்தான்.

வரைபடத்தில் நேர்கோடு இழுத்தால், அது மலாக்கா நீரிணையையும் சுமத்திராவின் வடமுனையையும் கடந்து, நெடுநேரம் வெறும் கடல்மேல் சென்று, கோடியக்கரைப் பக்கம் தமிழ்நாட்டைத் தொடுகிறது. பாட்டி 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஏறக்குறைய ஒரு வாரம் வந்ததும் இந்தக் கடலில்தான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மா, கீழே நீலத்தைத் தவிர வேறெதுவும் தெரியாதபோதும் கண்ணை எடுக்கவில்லை.

திருச்சியில் 2024இல் திறக்கப்பட்ட புதிய முனையத்தில் குடிநுழைவுச் சோதனை முடிந்து, முசிறியில் மாமா வீட்டு வாசலில் கார் நின்றபோது அங்கே பிற்பகல் 1 மணி, நம் நாட்டில் 3.30. ஆக மொத்தம் பதின்மூன்றரை மணி நேரம். அதில் விமானத்திற்கு நான்கே நான்கு.

அம்மாவின் கைக்கடிகாரம்தான் அந்த மாதம் முழுவதும் எங்களைப் படுத்தியது. 1979இல் 'சிதம்பரம்' கப்பலில் முதன்முதலாக ஊருக்குப் போனபோது வித்தியாசம் இரண்டு மணி நேரமே. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிக்கொண்ட பிறகுதான் அது இரண்டரையானது. இதை எத்தனை முறை சொல்லியும், பழக்கப்படி இரண்டு மணி நேரம் மட்டுமே பின்னே திருப்பி வைத்திருந்தார். ஸ்ரீரங்கத்திற்குப் போக வேண்டிய அன்று, பேருந்து வருவதற்கு அரை மணி நேரம் முன்பே எல்லோரையும் நிறுத்தத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

திரும்பும் பயணம் சீட்டின்படி ஆறரை மணி நேரம்: காலை 11.30க்குக் கிளம்பி மாலை 6 மணிக்குச் சிப்பாங்கில் இறங்கினோம். பெட்டிக்காகக் காத்திருக்கையில் அம்மா கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னே திருப்பி, சுவரிலிருந்த கடிகாரத்தோடு ஒப்பிட்டு, சரியாக இருக்கிறதே என்று என்னைப் பார்த்தார்.