சார் எடுத்த டிக்கெட்

2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறந்த படங்களை இங்கே துபாயில் பார்த்தவர்கள், கப்பலுக்கு வழிவிட்டு உயரும் அதன் நடுப்பகுதியை வியந்தார்கள். எனக்கோ 1991-இல் எங்கள் பள்ளிக் கணக்கு சார் எடுத்துக் கொடுத்த பஸ் டிக்கெட் நினைவுக்கு வந்தது.

பிளஸ் டூ முடிவு வந்திருந்தது. பத்திரிகையில் மூன்று முறை விரல் வைத்துத் தேடியும் என் எண் இல்லை. கணக்கில் போய்விட்டது. "நாளையிலிருந்து கடலுக்கு வா" என்றார் அப்பா. குரலில் கோபமே இல்லை, அதுதான் வலித்தது. ஆசிரியர்கள் கண்ணில் படாமல் பத்து நாள் ஒளிந்து திரிந்தேன். ஒருநாள் மண்டபத்தில் வலைநூல் வாங்கிக்கொண்டு தங்கச்சிமடம் பஸ்ஸில் உட்கார்ந்தால், பின்னாலேயே சார் ஏறினார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அருகில் வந்து உட்கார்ந்து, இருவருக்கும் டிக்கெட் வாங்கினார்.

பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாலைப் பாலத்தில் பஸ் ஏறியதும் கீழே ரயில் பாலத்தைக் காட்டினார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்து அந்தப் பாலத்தையும் சிதைத்த கதையைக் கேட்டே வளர்ந்தவன் நான். சார் சொன்னது வேறு: "சீர்படுத்த ஆறு மாதம் கெடு. 46 நாளில் முடித்துவிட்டார்கள். எப்படி? கடலில் விழுந்துகிடந்த இரும்புக் கர்டர்களையே தேடித் தூக்கி மாட்டினார்கள்." பாம்பனில் இறங்கும்போது, "கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா" என்றார்.

போனேன். சிவப்பு மையால் என் தவறுகளைச் சுழிப்பார் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த கணக்குகளை மட்டும் சுழித்தார். நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. அணிகள் பத்திரமாக இருந்தன, தொகை நுண்கணிதத்தில்தான் ஓட்டை. அடுத்த அட்டெம்ப்ட்டில் 200-க்கு 131. பீற்றிக்கொள்ளும் மதிப்பெண் இல்லைதான்.

இன்றென்றால் என்னைத் தேற்ற கலாம் கதையைச் சொல்லியிருப்பார்கள்: 1979 ஆகஸ்டில் அவர் பொறுப்பில் ஏவிய எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தது, 1980 ஜூலையில் விண்ணுக்குப் போனது. எங்கள் காலத்தில் அது இவ்வளவு புழங்கவில்லை. எனக்குப் பாலமே போதுமாக இருந்தது.

2009-இல் இங்கே கட்டுமானம் படுத்து, வேலை போய் ஊருக்குத் திரும்பினேன். சார் ஓய்வு பெற்றிருந்தார், காது மந்தம். "வேலை போய்விட்டது, சார்" என்று இரண்டு முறை உரக்கச் சொன்னேன்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தாளைக் கொண்டு வந்தாயா?" என்றார்.

இல்லை என்றேன். பேரனின் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து நீட்டினார்.