காதுகுத்து வீட்டுக் காலைப் பலகாரம்

மே 13, 2025, செவ்வாய்

வெள்ளிக்கிழமை கொழுந்தனார் மகளுக்குக் காதுகுத்து. கோயில் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் தங்கல் எல்லாம் எங்கள் வீட்டில். கொழுந்தனார் குடும்பம் திருப்பூரிலிருந்து, நங்கை (எங்கள் பக்கம் நாத்தனாரை இப்படித்தான் சொல்வோம்) குடும்பம் கரூரிலிருந்து, பாப்பாவின் தாய்மாமன் வீட்டார் பொள்ளாச்சியிலிருந்து. குழந்தைகளையும் சேர்த்தால் இருபது பேர் தேறும். மதிய விருந்துக்கு ஆள் பேசியாகிவிட்டது. ராத்திரிக்கு ஏதோ ஒன்று ஆகிவிடும். காலைப் பலகாரம் மட்டும் என் தலையில்.

அத்தையிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்: "தோசை கிடையாதுங்க அத்தை."

"அதென்ன, தோசையில்லாம விருந்தாளிய அனுப்பறது?" என்றார்.

ஒருத்தர் அஞ்சு மணிக்கு எழுந்து நடந்துவிட்டு வருவார். ஒருத்தர் ஒன்பதுக்குத்தான் கண்ணே திறப்பார். தோசைக்கு உட்கார்கிறவர் பொழுதோடு சாப்பிட்டுப் போய்விடுகிறார், சுடுகிறவள்தான் பத்தரை வரை அடுப்படியில் நிற்க வேண்டும். கல்லை விட்டு இறங்கிய தோசை கால் மணி நேரம்கூடத் தாங்காது. கூட்டத்துக்குச் செய்கிற பலகாரம் செய்து மூடி வைத்தால் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும். இட்லி காத்திருக்கும், சந்தகை (அரிசி மாவை வேகவைத்து அச்சில் நூலாகப் பிழிவது) காத்திருக்கும், பொங்கல் கொஞ்சம் கவனித்தால் காத்திருக்கும். பூரி, தோசை, ஆப்பம் மூன்றும் காத்திருக்காது. அவற்றை நாலு பேர் இருக்கும் நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

மத்தியானம் இட்லிப் பொடி வறுத்தேன். ரெண்டு டம்ளர் உளுந்து, ஒரு டம்ளர் கடலைப்பருப்பு, முப்பது வரமிளகாய், அரை டம்ளர் எள்ளு, கட்டிப் பெருங்காயம், கறிவேப்பிலை, கல்லுப்பு. உளுந்தைக் குறைந்த தீயில் வறுக்க வேண்டும். தீயைக் கூட்டினால் மேலே சிவந்து உள்ளே பச்சையாக நின்றுவிடும். அரைக்கும்போது எள்ளைக் கடைசியில் போட்டு ஒரே சுற்றுதான் விட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் கக்கிப் பொடி கட்டி தட்டிவிடும்.

மே 14, புதன்

கத்திரி வெயில். இந்த வருஷம் நாலாம் தேதி ஆரம்பித்தது, இருபத்தெட்டு வரைக்கும் இருக்கிறது. மாவு ஆட்டுகிறவர்களுக்கு இது ஒரு தனிக் கவலை. மார்கழியில் மாவு பொங்க ராத்திரி முழுக்கப் போதாது, கம்பளி போர்த்தாத குறைதான். இப்போது அஞ்சாறு மணி நேரத்தில் பொங்கிவிடுகிறது. அதற்கு மேல் வைத்தால் புளிப்பு ஏறிக்கொண்டே போகும்.

ரெண்டு கிலோ இட்லி அரிசிக்கு அரைக் கிலோ முழு உளுந்து, ரெண்டு ஸ்பூன் வெந்தயம். ஒரு கிலோ அரிசிக்கு அறுபதுக்கு மேல் இட்லி வரும். ஆளுக்கு நாலு என்று வைத்தாலும் மிச்சம் மறுநாள் பணியாரத்துக்கு ஆகும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு உளுந்தைக் கிரைண்டரில் போட்டேன். மேற்கே இடி இடித்தது, கரண்ட் போனது. கோடை மழை வருகிறபோது இங்கே இதுதான் நடைமுறை. கல் நின்ற இடத்தில் உளுந்து அரைகுறையாகக் கிடந்தது. அதை வழித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். சூடாகிப்போன உளுந்து பந்து போல எழும்பாது. எட்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்டினேன். ஒரு சொட்டு மாவை எடுத்து டம்ளர் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மிதந்தது. உளுந்துக்குள் காற்றுப் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு பொங்கும்போது வருகிற காற்றையும் பிடித்து வைப்பது உளுந்தின் பசைதான். அரிசியைக் கொஞ்சம் நறநறவென்று ஆட்டி, உப்புப் போட்டுக் கையாலேயே கலந்து, ரெண்டு பெரிய போசியில் பாதி அளவுக்கு ஊற்றி வைத்தேன். முழுக்க ஊற்றினால் காலையில் மேடையைத் துடைக்கிற வேலையும் சேர்ந்துகொள்ளும்.

கரூர்க்காரர்கள் ஒன்பது மணிக்கு வந்தார்கள். நங்கை கை கழுவியதும் கேட்ட முதல் கேள்வி, "நாளைக்குக் காத்தால என்ன கண்ணு?"

மே 15, வியாழன்

இட்லி, கடலைச் சட்னி, தக்காளிச் சட்னி, பொடி. சாம்பார் வைக்கவில்லை. காலையில் சாம்பார் கட்டாயம் என்று யார் சொன்னது?

வெயில் காலத்தில் தேங்காய்ச் சட்னியை இத்தனை பேருக்கு அரைத்து வைப்பது வம்பு. எட்டு மணிக்கு அரைத்தது பத்து மணிக்கு வாடை மாறிவிடும். நிலக்கடலைச் சட்னி மதியம் வரை நிற்கும். கடலையை வறுத்துத் தோல் ஊதி, வரமிளகாய், நாலு பல் பூண்டு, நெல்லிக்காயளவு புளி, உப்பு. தண்ணீரைக் கொஞ்சமாக விட்டுக் கெட்டியாக அரைத்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது கரைத்துத் தாளித்துக்கொள்ளலாம். கடலை ஊற ஊறச் சட்னி இறுகும் என்பதால் தொடக்கத்திலேயே சரியான பதத்தில் கரைத்து வைக்கக் கூடாது.

இட்லியைத் துணி போட்டுத்தான் ஊற்றுவேன். எண்ணெய் தடவிய தட்டில் அடிப்பக்கம் காய்கிற மாதிரி இருக்கிறது. வெந்ததும் தட்டைக் கவிழ்த்து, துணியின் முதுகில் ஒரு கை தண்ணீர் தெளித்து உரித்தால் இட்லி முழுசாக வரும். வாழையிலை விரித்த தூக்குப்போசியில் அடுக்கி, மேலே ஈரத்துணி போட்டு மூடினேன். ஏழு மணிக்கு வைத்த இட்லியைப் பத்து மணிக்குத் தின்ற தாய்மாமன், "இப்பத்தான் எறக்குனீங்ளாங்க்கா?" என்றார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை.

ஆத்தா மட்டும் இட்லி பக்கம் திரும்பவில்லை. வழக்கம்போலப் பழைய சோறு, தயிர், உரித்த சின்ன வெங்காயம், ஒரு மோர் மிளகாய். ஃபேனுக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்து நிதானமாகக் கரைத்துக் குடித்தார். அதைப் பார்த்துவிட்டுப் பெரியவர்கள் மூன்று பேர் இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அதையே கேட்டார்கள். நேற்று ராத்திரிச் சோறு அவ்வளவு இல்லை. கூட்டம் தங்குகிற வீட்டில் ராத்திரி ஒரு கிலோ சோறு கூடுதலாக வடித்துத் தண்ணீர் ஊற்றி வைத்தால், அதைவிட எளிய காலைச் சாப்பாடு கிடையாது. இனி தினமும் செய்யப்போகிறேன்.

மே 16, வெள்ளி

கோயிலுக்கு ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். கைக்குழந்தைக்காரியும் சர்க்கரை மாத்திரை போடுகிற மாமாவும் பூசை முடியும் வரை வெறும் வயிற்றோடு இருக்க முடியாது. நாலு மணிக்கு வெண்பொங்கல்.

மூன்று பங்கு பச்சரிசி, ஒரு பங்கு பாசிப்பருப்பு. பருப்பை வாசம் வரும் வரை வெறும் சட்டியில் வறுத்தால் போதும், சிவக்க வேண்டியதில்லை. ரெண்டும் சேர்ந்த அளவுக்கு அஞ்சு மடங்கு தண்ணீர். ஓட்டல் பொங்கல் மாதிரி கையால் எடுக்கும் பதத்தில் இறக்கினால், அரை மணி நேரத்தில் கொத்தனாரைக் கூப்பிட வேண்டியிருக்கும். கரண்டியிலிருந்து வழிகிற பதத்தில் இறக்கி, பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீர் வைத்துக்கொண்டேன். பிந்தி வருகிறவர்களுக்கு ஒரு கரண்டி வெந்நீர் விட்டுக் கிளறினால் பழையபடி இளகிவிடும். பச்சைத் தண்ணீர் விட்டால் ருசி செத்துவிடும்.

மிளகைப் பாதி முழுசாக, பாதி ஒன்றிரண்டாகத் தட்டி. முழு மிளகு மட்டும் போட்டால் எல்லாரும் பொறுக்கி இலையோரம் வைத்துவிடுகிறார்கள், காசு கொடுத்து வாங்கிய காரம் குப்பைக்குப் போகிறது. நெய்யில் மிளகு, சீரகம், இஞ்சி, முந்திரி, கறிவேப்பிலை. நெய்யில் பாதியைக் கிளறும்போது, பாதியைப் பரிமாறும்போது.

காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து பாப்பா ஊரைக் கூட்டியது. அப்புறம் பொட்டுக்கடலையும் வெல்லமும் கையில் கொடுத்ததும் சமாதானம். மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி எழுத மாட்டேன், சமையல்காரரும் எங்கள் சொந்தம்தான்.

மே 17, சனி

இன்றைக்குச் சந்தகை. எனக்கு இந்த வாரத்திலேயே பிடித்த காலை இதுதான். ஏனென்றால் சந்தகை ஒருத்தி நின்று செய்கிற பலகாரமே இல்லை. வீட்டில் ஆள் நிறைய இருந்தால்தான் அது எளிது.

ராத்திரி ஊறவைத்த ரெண்டு கிலோ இட்லி அரிசியை விடியற்காலை உப்புப் போட்டு மைய ஆட்டினேன். உளுந்து கிடையாது, புளிக்க வைப்பதும் கிடையாது. ஆட்டிய கையோடு இட்லித் தட்டில் ஊற்றிக் கால் மணி நேரம் வேகவைக்க வேண்டும். வெந்ததைச் சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறிவிட்டால் யார் முறுக்கினாலும் திருகு இறங்காது. அதனால் இட்லிச் சட்டியை அடுப்பிலேயே வைத்துக்கொண்டு, ஒரு ஈடு பிழிய அடுத்த ஈடு வேக என்று போக வேண்டும்.

முக்காலி போட்ட பழைய இரும்பு அச்சு. கொழுந்தனார் திருகுகிறார், தாய்மாமன் அச்சின் காலைப் பிடிக்கிறார், நங்கை அடியில் தட்டை வைத்துச் சுற்றிச் சுற்றி நூலை வாங்குகிறார். நான் கரண்டியால் கொதிக்கிற உருண்டையை எடுத்துக் குழாயில் போடுகிறேன். ரெண்டு சுற்றுக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாவது சுற்றில் அச்சு 'கிறீச்' என்கிறது, அடித்தட்டின் ஓட்டைகளில் வெள்ளைப் புள்ளிகள் எட்டிப் பார்க்கின்றன, பிறகு அத்தனையும் ஒரே நேரத்தில் இறங்குகிறது, ஆவியோடு. முதல் தட்டு எப்போதும் அச்சடியிலேயே காணாமல் போகும். சுற்றி நிற்கிற பிள்ளைகள் நாட்டுச் சர்க்கரை தூவி வெறும் கையால் தின்றுவிடுவார்கள். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் அரிசி போட வேண்டும்.

தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப் பால். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி (மண் இல்லாத வெல்லத்தை நான் இதுவரை வாங்கியதில்லை) ஒரு கொதி விட்டு, நன்றாக ஆறவைத்து, முதல் பாலில் ஊற்றி ஏலக்காய். சூட்டோடு ஊற்றினால் பால் திரிந்துவிடும். காரம் வேண்டுகிறவர்களுக்குத் தக்காளிக் குருமா.

பாதிச் சந்தகையை ஆறவிட்டு உதிர்த்து, கடுகு, கடலைப்பருப்பு, பச்சை மிளகாய், மஞ்சள் தாளித்து எலுமிச்சை பிழிந்து தூக்கில் அடைத்தேன். இளசுகள் எல்லாம் கொடிவேரி அணைக்குக் குளிக்கப் போகிறார்கள். பவானியில் தண்ணீர் வருகிறதாம். அணையில் குளித்துவிட்டு வருகிற பசிக்கு வறுத்த மீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஆனாலும் பத்து மணிக்குத் தூக்கு காலி என்று போன் வந்தது. எலுமிச்சைச் சந்தகை ஆறினால்தான் ருசி. இருபது பேருக்கு வழியில் கட்டிக்கொண்டு போக இதைவிட ஒன்று எனக்குத் தெரியவில்லை. புளிச்சோறுகூட இதற்கு அப்புறம்தான்.

மே 18, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்றால் கறி. வெள்ளாட்டுக்கறிக் குழம்பு காலையிலேயே கொதித்துவிட்டது, இட்லிக்கு. அத்தை கையில் விட்டாயிற்று, நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கறி தின்னாத ரெண்டு பேருக்கு ரவை உப்புமா போடலாமா என்று வாயைத் திறந்தேன். நங்கையின் பேரன், நாலாவது படிக்கிறவன், "எங்க பள்ளிக்கூடத்துலயே உப்புமாதான் போடறாங்க, இங்கயுமா?" என்றான். அரசுப் பள்ளி, முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, மறு வருஷம் ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று முறை வைத்துப் போடுகிறார்கள். யோசித்துப் பார்த்தால் அங்கேயும் தோசை கிடையாது. நூறு பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் பரிமாற என்ன ஆகுமோ அதைத்தான் வைத்திருக்கிறார்கள். அவனிடம் இதை விளக்கவில்லை. பணியாரச் சட்டியை எடுத்தேன்.

வியாழக்கிழமை மிஞ்சிய மாவு ஃப்ரிட்ஜில் லேசாகப் புளித்திருந்தது. பணியாரத்துக்கு அந்தப் புளிப்புதான் வேண்டும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கடுகு, கடலைப்பருப்பு வதக்கிக் கொட்டி ஒரு ஈடு. கெட்டி வெல்லப்பாகும் தேங்காய்த் துருவலும் கொஞ்சம் அரிசி மாவும் கலந்து இன்னொரு ஈடு. பணியாரமும் நின்று சுடுகிற வேலைதானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் பன்னிரண்டு குழி, ஒரு ஈட்டுக்கு ரெண்டு பிள்ளைகளுக்கு வாய் அடைக்கும். ஆறினாலும் கெடாது. திருப்பிப் போடுகிற வேலையையும் பத்து வயசுக்கு மேலிருக்கிற பெண்ணோ பையனோ போட்டி போட்டுக்கொண்டு செய்வார்கள். கம்பியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நான் காப்பி குடித்தேன்.

மே 19, திங்கள்

எல்லாரும் கிளம்பினார்கள். ஏழு மணி பஸ்ஸுக்குப் போகிறவர்களுக்கு வாழையிலையில் பொடி இட்லி. பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இட்லியின் ரெண்டு பக்கமும் தடவி, அஞ்சஞ்சாக அடுக்கி, இலையைத் தணலில் வாட்டிக் கட்ட வேண்டும். வாட்டாத இலை மடிக்கும்போதே கிழியும். சட்னி கொடுத்து அனுப்பவில்லை. பஸ்ஸில் அது யார் சேலையிலாவது முடியும்.

பொள்ளாச்சி அக்கா பொடிக்கு அளவு கேட்டார். சொன்னேன். "எள்ளு இவ்வளவா?" என்றார். கரூர் நங்கை, எள்ளுக்குப் பதில் கொள்ளுப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார். ரெண்டு பேரும் வாசலில் நின்று அதையே பேசிக்கொண்டிருந்ததில் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் எட்டு பத்துக்கு.