பேட்டரி மேல் பழி போடுவதற்கு முன்

ஞாயிற்றுக்கிழமை மட்டும் காரை எடுக்கிற ஆள் நான். மற்ற நாளெல்லாம் அது கீழே புறா எச்சம் வாங்கிக்கொண்டு சும்மா நிற்கும். போன வருடம் திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணம், குடும்பமே பட்டுடுத்தி ஏறி உட்கார்ந்த பிறகு சாவியைத் திருகினால் செல்ஃப் எடுக்கவில்லை, டக் டக் டக் என்று சத்தம் மட்டும். சாயங்காலம் பேட்டரிக் கடைக்காரர் வந்து, மீட்டர்கூட வைக்காமல் "செத்துப்போச்சு சார்" என்றார். நானும் மறுபேச்சு பேசாமல் புதுசு போட்டேன். இரண்டே வாரத்தில் புதுசும் அதே டக் டக்.

அப்புறம்தான் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், முழு சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும், வராவிட்டால் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும் (நம் மெக்கானிக்குகள் பலருக்கு அது இன்னும் டைனமோதான்). எனக்கு 14.2 வந்தது. அப்படியானால் வண்டி தூங்கும்போது ஏதோ ஒன்று கரண்ட் குடிக்கிறது.

நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, அந்த வயருக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் சொருகி வைத்தேன். உடனே வரும் எண்ணை நம்பக் கூடாது, வண்டியின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அடங்க அரை மணி நேரமாவது விட வேண்டும், இடையில் மறந்துபோய் ஸ்டார்ட் செய்தால் மீட்டர் ஃப்யூஸ் போய்விடும். கடிகாரம், அலாரம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் வரை எடுப்பது சகஜம். எனக்கு 120. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே போனதில் மாட்டியது, கல்யாணத்துக்கு முந்தின மாதம் பொருத்திய டேஷ் கேமரா. பொருத்தியவர் சாவியை எடுத்தாலும் ஓடுகிற லைனில் சேர்த்துவிட்டிருக்கிறார். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3 ஆம்பியர் ஹவர், வாரத்துக்கு 20, என் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவோ 35. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் டவுனுக்குள் உருட்டினால் இது எங்கே நிரம்பும்?

இறங்கிய பேட்டரியை அப்படியே போட்டு வைக்காதீர்கள். உள்ளே தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிட்டால் பிறகு சார்ஜ் பிடிக்காது. மதுரை வெயில் வேறு, தண்ணீரையும் ஆவியாக்கி, தகட்டையும் அரித்து, சும்மா நிற்கிற பேட்டரியையும் வேகமாக இறக்கும்.

வீட்டில் சார்ஜ் போடுவது பெரிய வித்தையில்லை. பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் போதும், 35-க்கு 3.5 ஆம்பியர், ஒரு ராத்திரி ஆகும், நிரம்பியதும் தானே நிற்கிற சார்ஜர் என்றால் நிம்மதி. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில், ஏனென்றால் பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். கையில் மோதிரம் வேண்டாம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், அதனால் காற்றோட்டமான இடம், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது, கிளிப்பை மாட்டிய பிறகே சுவிட்ச், அதேபோல சுவிட்சை அணைத்த பிறகே கிளிப். மூடி திறக்கிற பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும், ஆசிட் ஊற்றிச் சரிசெய்கிறேன் என்று கிளம்பாதீர்கள். சிக்னலில் தானே அணைந்து எழுகிற வண்டிகளில் ஏஜிஎம் அல்லது ஈஎஃப்பி என்கிற தனி வகை பேட்டரி இருக்கும், சார்ஜர் அதற்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு வண்டியின் நல்ல பேட்டரியிலிருந்து கரண்ட் வாங்கி ஸ்டார்ட் செய்கிற ஜம்பர் கேபிளில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். சிவப்பை இறந்த பேட்டரியின் பிளஸ், அப்புறம் நல்லதன் பிளஸ். கறுப்பை நல்லதன் மைனஸ், கடைசி முனையை இறந்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். மாடி வீட்டு மாமா கடைசிக் கிளிப்பை நேராக பேட்டரிக்கே கொண்டுபோனார். "ஒண்ணும் ஆகாது தம்பி, நான் நாப்பது வருஷமா இப்படித்தான்" என்றார். பொறி அங்கே வரும், வாயுவும் அங்கேதான் இருக்கும் மாமா என்று கையைப் பிடித்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

கேமரா வயரை இப்போது சாவி போட்டால் மட்டும் உயிர் வருகிற லைனுக்கு மாற்றியாயிற்று. அந்தப் பழைய பேட்டரியைத்தான் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துத் தொலைத்தேன், யார் வண்டியில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறதோ.