மலையில் எல்இடி டிவி செய்முறைத் தேர்வு: பின்மூடி கழற்றுவதற்கு முன்னும் பின்னும்

எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் பிரிவில் இரண்டாம் ஆண்டு எல்சிடி, எல்இடி டிவி பாடம் வருகிறது. குன்னூர், கூடலூர் பக்கம் ஐடிஐ படிப்பவர்கள் பெரும்பாலும் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: கொடுக்கிற டிவியில் என்ன பழுது என்று கண்டுபிடிக்க முடியாமல் போய்விட்டால்? மார்க் அங்கே அவ்வளவாகப் போவதில்லை. கருத்தியல் தாளுக்கு 33 சதவீதம் போதும், செய்முறைக்கு 60 வேண்டும். அந்த 60-ஐத் தருவதும் பறிப்பதும் வேலை செய்யும் வரிசை. பழுதைச் சரியாகச் சொல்லிவிட்டு, சார்ஜ் இறக்காத போர்டில் விரலை வைத்தவரை எந்தத் தேர்வாளரும் மன்னிக்க மாட்டார்.

மேசைக்கு வந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். பேனாவை எடுங்கள். சிவப்பு விளக்கு எரிகிறதா, ரிமோட் அழுத்தினால் நிறம் மாறுகிறதா, சத்தம் வருகிறதா, இருட்டான திரையில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் படம் நிழலாகத் தெரிகிறதா? இந்த நான்குக்கும் பதில் எழுதினாலே பாதி டிவி சந்தேகத்திலிருந்து கழன்றுவிடும். சத்தமும் நிழல் படமும் இருந்தால் மெயின் போர்டும் பேனலும் நலம், பேக்லைட் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்குகள்) பக்கம் போகலாம். சிவப்பு விளக்கே இல்லையென்றால் பவர் சப்ளையின் 5 வோல்ட் ஸ்டாண்ட்பையிலிருந்து (டிவி காத்திருக்கும்போதும் வரும் வோல்ட்) தொடங்க வேண்டும். மூடி திறப்பதற்கு முன்பே இது தாளில் இருக்கட்டும்.

மலைக்கென்று ஒரு கேள்வி கூடுதலாக உண்டு: டிவி எங்கிருந்து வந்தது? மஞ்சூரிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ ஜீப்பின் பின்னால் குளிரில் வந்த செட்டை ஆட்கள் நிறைந்த கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்தால் போர்டின் மேல் ஈரம் பூக்கும், மூக்குக் கண்ணாடியில் படிவதைப் போல. கண்ணுக்குத் தெரியாது. உடனே கரண்ட் கொடுத்தால் உயர் மின்னழுத்தப் பாதைகளுக்கு நடுவே கசிவு ஓடி, நல்ல டிவியும் பழுதாகும். இரண்டு மூன்று மணி நேரம் அறையிலேயே நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் பிளக்கைச் சொருக வேண்டும். மழை நாளில் நனைந்த செருப்போடு சிமென்ட் தரையில் நின்று லைவ் போர்டைத் தொடுவதும் இதே ரகம். ரப்பர் மேட் இல்லாவிட்டால் காய்ந்த மரப்பலகையாவது காலடியில் வேண்டும்.

இனி சார்ஜ் இறக்குவது. இதைக் கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள். 230 வோல்ட் ஏசி, அதை டிசியாக்கும் பிரிட்ஜைக் கடந்ததும் மெயின் கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசியாக நிற்கும். பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைத் திருத்தும் சுற்று) உள்ள பெரிய செட்டில் 380 முதல் 400 வரை. 450 வோல்ட் தாங்கும் 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் 325 வோல்ட்டில் ஏறத்தாழ 5 ஜூல் வைத்திருக்கும். கையை உதறி, முழங்கையைப் பேனலில் இடித்துக்கொள்ள அதுவே தாராளம். ஓடுகிற டிவியை அணைத்தால் இந்தச் சார்ஜ் சுற்றிலேயே செலவாகிவிடும். செத்த டிவியில் அப்படி நடக்காது. சுவிட்ச் வேலை செய்யும் மாஸ்ஃபெட் திறந்துபோயிருந்தாலோ அதை இயக்கும் பிடபிள்யூஎம் ஐசி இயங்காவிட்டாலோ சார்ஜை இழுக்க ஆளில்லை. ஆக ‘ஒன்றுமே வரவில்லை’ என்று வந்த செட்டில்தான் ஆபத்து அதிகம்.

2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை எடுங்கள். இரண்டு முனையிலும் உறை கெடாத வயர், ஒன்றில் முதலை கிளிப், மற்றதில் பழைய மீட்டர் புரோப். பிளக்கைப் பிடுங்கி, கிளிப்பைக் கெப்பாசிட்டரின் நெகட்டிவில் மாட்டி, ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, புரோப்பைப் பாசிட்டிவில் ஐந்து வினாடி அழுத்துங்கள். 100 மைக்ரோ ஃபாரட்டுக்கு ஒரு வினாடியே போதும் என்று கணக்கு சொல்லும். மீதி வினாடிகள் புரோப் சரியாகப் படாமல் போனதற்கு. பிறகு மீட்டரை 1000 வோல்ட் டிசி ரேஞ்சில் வைத்து அளந்து, அளவை எழுதுங்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி அளந்தால் சில வோல்ட் திரும்ப ஏறியிருப்பது தெரியும். கெப்பாசிட்டரின் உள்ளே ஊறியிருந்த சார்ஜ் அது, பழுதில்லை. இதை வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். ஸ்க்ரூ டிரைவரால் ‘டப்’ என்று ஷார்ட் அடிப்பவர்களைப் பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள். உலோகத் துளி கண்ணில் தெறிக்கும், பாதை பெயரும். தேர்வில் அதற்கு மார்க் கிடையாது.

அடுத்துக் கிரவுண்ட். டிரான்ஸ்ஃபார்மருக்கும் பிசி 817 ஆப்டோ கப்ளருக்கும் அடியில் போர்டில் ஒரு வெள்ளைக் கோடோ வெட்டோ இருக்கும். அதற்கு அந்தப் பக்கம் மின்லைனோடு நேரடித் தொடர்புள்ள ஹாட் கிரவுண்ட், இந்தப் பக்கம் அதிலிருந்து பிரிந்த கோல்டு கிரவுண்ட். மீட்டரின் கறுப்பு வயரை உலோகச் சட்டத்தில் வைத்துக்கொண்டு மெயின் கெப்பாசிட்டரை அளந்தால் வருகிற எண்ணுக்கு அர்த்தமில்லை. ஹாட் பக்கம் அளக்க மெயின் கெப்பாசிட்டரின் நெகட்டிவ்தான் ஆதாரம். அங்கே ஆசிலாஸ்கோப்பின் எர்த் கிளிப்பை மாட்டினால் வெடிக்கும். லைனிலிருந்து டிவியைப் பிரிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மாட்டவே கூடாது. அந்த டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டபின் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கசிவைக் கண்டதும் கரண்டை வெட்டும் சுவிட்ச்) உங்களைக் காக்காது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். எர்த்துக்குக் கசிவு போனால்தான் அது விழும். இரண்டு கையால் இரண்டு புள்ளியைத் தொட்டவருக்கு அது உதவாது.

டிவிக்குத் தொடராக மாட்டும் சீரிஸ் லேம்ப் இல்லாமல் முதல் முறை கரண்ட் கொடுக்க வேண்டாம். 32 அங்குலத்துக்கு 60 வாட், 43-க்கு 100 வாட் இழை பல்பு. எல்இடி பல்பு இதற்கு ஆகாது. இழை பல்பு கடைகளில் அரிதாகி வருகிறது, கிடைக்கிறபோது இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் ஷார்ட் இல்லை. முழுப் பிரகாசத்தில் நின்றால் பிரிட்ஜ், மாஸ்ஃபெட், கெப்பாசிட்டர் என்று தேட வேண்டும். ஸ்டாண்ட்பை சரியாக இருந்து, ஆன் செய்ததும் பல்பு பிரகாசமாகி டிவி திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனால் அவசரப்படாதீர்கள். பேக்லைட் இழுக்கும் கரண்டுக்குப் பல்பே வோல்ட்டை விழுங்கிக்கொண்டிருக்கலாம். பெரிய வாட் பல்பு மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள். மாணவர்கள் நல்ல போர்டைப் பழுது என்று எழுதிவைப்பது அதிகம் நடக்கும் இடம் இது.

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் ஒரு புகார் வரும்: ‘காலையில் ஆன் ஆகாது, மத்தியானம் தானாக வந்துவிடும்.’ சமவெளியில் படித்தவருக்கு இது புதிராக இருக்கும். வயதான எலெக்ட்ரோலைடிக் கெப்பாசிட்டரின் உள்தடை, அதாவது ஈஎஸ்ஆர், குளிரில் பல மடங்கு ஏறும். பிடபிள்யூஎம் ஐசிக்கு விசிசி, அதாவது அது இயங்கும் வோல்ட், கொடுக்கும் 22 அல்லது 47 மைக்ரோ ஃபாரட், 50 வோல்ட் கெப்பாசிட்டரில் முதல் சந்தேகம். அடுத்து 5, 12 வோல்ட் வரிசையில் உள்ள 1000 மைக்ரோ ஃபாரட். மேல் உப்பியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, மீட்டரில் மைக்ரோ ஃபாரட் சரியாகவே காட்டலாம். ஈஎஸ்ஆர் மீட்டர் இருந்தால் அதில் பாருங்கள். இல்லாவிட்டால் கரண்டைப் பிடுங்கி, சார்ஜ் இறக்கி, ஒரு கெப்பாசிட்டரை மட்டும் ஹேர் டிரையரில் லேசாகச் சூடாக்கி, உடனே ஆன் செய்து பாருங்கள். எதைச் சூடாக்கினால் டிவி எழுகிறதோ அதுதான் குற்றவாளி. 105 டிகிரி வகை போடுங்கள். வோல்ட் அதே அளவோ ஒரு படி மேலோ இருக்கட்டும்.

மழைக்காலப் புகார் வேறு. காற்றில் மரம் சாய்ந்து எஸ்டேட் லைனில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட் வரை ஏறலாம். பிரிட்ஜுக்குப் பின் அது 560-ஐத் தாண்டும், 450 வோல்ட் கெப்பாசிட்டர் தாங்காது. திறந்ததும் ஃபியூஸைப் பாருங்கள். கண்ணாடி கறுத்து வெள்ளியாய்ப் படிந்திருந்தால் கடும் ஷார்ட். கண்ணாடி தெளிவாக இருந்து இழை மட்டும் அறுந்திருந்தால் வயதோ லேசான சர்ஜோ. பக்கத்தில் நீல நிற வட்டு, 14டி471 வேரிஸ்டர் (வோல்ட் எகிறினால் அதைத் தன்வழியே இழுத்துக்கொள்வது), வெடித்திருக்கும். 471 என்றால் 470 வோல்ட்; தொடர்ந்து 300 வோல்ட் ஏசி வரை தாங்கும். இந்தக் கணக்கும் கேட்பார்கள். வேரிஸ்டரை வெட்டி எறிந்துவிட்டு டிவியை ஓட்டிக் கொடுக்கும் பழக்கம் மலையில் நிறையவே இருக்கிறது. அடுத்த சர்ஜுக்கு மொத்த போர்டும் போகும். ஃபியூஸ், வேரிஸ்டர், என்டிசி (ஆன் செய்ததும் பாயும் கரண்டை அடக்குவது), பிரிட்ஜ், மெயின் கெப்பாசிட்டர், மாஸ்ஃபெட், அதன் சோர்ஸில் உள்ள ஒரு ஓமுக்கும் குறைவான ரெசிஸ்டர், பிடபிள்யூஎம் ஐசி என்று வரிசையாகப் பார்த்து, கெட்டதையெல்லாம் ஒன்றாக மாற்றுங்கள். மாஸ்ஃபெட்டை மட்டும் மாற்றி ஆன் செய்தால், கெட்டுப்போன ஐசி அதையும் எரித்துவிடும். பிறகு பாகம் வாங்கக் கோயம்புத்தூருக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டியதுதான். ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி கட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, 3.15 ஆம்பியர் டைம் டிலே ஃபியூஸ் நாலைந்து பெட்டியில் இருக்கட்டும்.

பேக்லைட் கேள்விதான் தேர்வில் அதிகம் விழும். ஒரு ஸ்ட்ரிப்பில் 6 எல்இடி, மூன்று ஸ்ட்ரிப் தொடர் என்றால் 18. ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட், மொத்தம் 54. சில செட்டில் 6 வோல்ட் எல்இடி இருக்கும், கணக்கு மாறும். ஒன்று அறுந்தாலும் தொடர் முழுக்க இருட்டு. ஆன் செய்த நொடியில் எல்இடி பிளஸில் வோல்ட் வழக்கத்தைவிட மேலே எகிறி உடனே விழுந்தால் லைன் ஓபன், டிரைவர் (எல்இடிகளுக்குக் கரண்ட் கொடுக்கும் சுற்று) தன்னைக் காத்துக்கொள்கிறது. இங்கே பலருக்கு ஷாக் அடிப்பது பேக்லைட் டெஸ்டரில். பார்க்கச் சிறிய பெட்டி. சுமை இல்லாதபோது முனையில் 300 வோல்ட் வரை வரும் வகைகள் உண்டு. ஊசிமுனையை விரலால் பிடிக்காதீர்கள்.

பேனலைக் கழற்றுவதை இரண்டு பேர் செய்யுங்கள். காலைக் குளிரில் பெசல் (திரையைச் சுற்றிய சட்டம்) கொக்கிகள் விறைத்திருக்கும், நெம்பினால் ஒடியும். அறை கொஞ்சம் சூடேறட்டும். பேனல் ஓரத்தில் தொங்கும் நீள போர்டையும் அதைக் கண்ணாடியோடு இணைக்கும் மெல்லிய சிஓஎஃப் பட்டைகளையும் கண்ணாடியோடு சேர்த்தே தூக்க வேண்டும். ஒரு பட்டை மடங்கினால் செங்குத்துக் கோடு வரும், மேசையில் வைத்துச் சரிசெய்ய முடியாது. உள்ளே உள்ள தாள்களை அடுக்கு மாறாமல் எடுத்து, ஒரே மூலையில் பென்சிலால் குறியிடுங்கள். ஸ்ட்ரிப்பை முழு செட்டாக மாற்றுவதுதான் சரி. ஒரு எல்இடியை மட்டும் மாற்றினால் பழசும் புதுசும் ஒளியில் வேறுபடும், சீக்கிரமே அடுத்தது போகும். லென்ஸ் கழன்ற இடம் திரையில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். ஒட்டும்போது ஃபெவிக்விக் மாதிரிப் பசை வேண்டாம், ஆவி லென்ஸை வெளுக்க வைக்கும். எல்இடி நாள்பட உழைக்கக் கரண்டைக் கொஞ்சம் குறைக்கலாம்: டிரைவர் ஐசியின் ரெஃபரன்ஸ் 0.3 வோல்ட், சென்ஸ் ரெசிஸ்டர் 1 ஓம் என்றால் 300 மில்லி ஆம்பியர் ஓடும், 1.2 ஓம் ஆக்கினால் 250.

யுனிவர்சல் போர்டு (பல மாடலுக்கும் பொருந்தும் மெயின் போர்டு) மாட்டச் சொன்னால் முதலில் பேனல் வோல்ட்டைத் தேர்வு செய்யும் ஜம்பர். 3.3, 5, 12 என்று மூன்று இடம் இருக்கும். பேனலின் மாடல் எண்ணைப் படித்து, பேனலுக்குப் படம் கொண்டுபோகும் எல்விடிஎஸ் கேபிளைச் சொருகாமல் வோல்ட்டை அளந்து, பிறகே சொருகுங்கள். 5 வோல்ட் பேனலுக்கு 12 போனால் அடுத்த வாய்ப்பு இல்லை.

மலையில் ஸ்வெட்டர் போடாமல் வேலை செய்ய முடியாது. கம்பளியும் நைலானும் உரசும் சட்டைக்கைதான் வறண்ட ஜனவரியில் மெயின் போர்டுக்கு எமன். கையை மடித்துவிட்டு, நிலைமின்னை எர்த்துக்கு இறக்கும் ரிஸ்ட் ஸ்ட்ராப் கட்டுங்கள், அதனுள் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். ஹாட் பக்கத்தை லைவாக அளக்கும்போது மட்டும் ஸ்ட்ராப்பைக் கழற்றிவிடுங்கள். உங்களை எர்த்தோடு கட்டிக்கொண்டு அங்கே கை வைக்கக் கூடாது.

முடித்ததும் லைனையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து, எச்டிஎம்ஐ உலோக ஓட்டுக்கும் அதற்கும் நடுவே 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) பாருங்கள், பல மெகா ஓம் காட்ட வேண்டும். டூ பின் டிவியின் உலோகத்தைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்பது பெரும்பாலும் ஹாட், கோல்டு பக்கங்களை இணைக்கும் ஒய் கெப்பாசிட்டர் வழியே வரும் சிறு கசிவு. ஆளுக்கு ஆபத்தில்லாவிட்டாலும் எச்டிஎம்ஐ போர்ட்டைக் கொல்ல அது போதும், ஆகவே இரண்டு பக்கமும் அணைத்துவிட்டுத்தான் கேபிள் சொருக வேண்டும். இடி நாளில் டிஷ் கேபிளையும் பிடுங்கச் சொல்வது இதனோடு சேர்ந்தது: அந்த வழியில் வருகிற மின்னலுக்கு வேரிஸ்டர் குறுக்கே நிற்பதில்லை.

மூடியைப் போட்டு அரை மணி நேரமாவது ஓடவிட்ட பிறகு தாளைக் கொடுங்கள். கழற்றிய பாகங்களைத் தனிப் பையில் போட்டு மேசையில் வையுங்கள், கழிவை எப்படி ஒதுக்கினீர்கள் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. ஸ்க்ரூக்களைக் கழற்றும்போதே தெர்மோகோல் துண்டில் டிவியின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைத்திருக்க வேண்டும். சுவர் மாட்டியின் நீள ஸ்க்ரூ குட்டை ஸ்க்ரூவின் ஓட்டையில் போனால் உள்ளே போர்டில் முட்டும், சில மாடலில் நேராகப் பேனலிலேயே.