லூப் பெடல்: இரண்டாவது மிதியில்தான் எல்லாம் இருக்கிறது

கிட்டாரில் வாசித்ததைப் பதிவுசெய்து திரும்பத் திரும்ப ஓட்டும் கால் மிதிக் கருவிதான் லூப் பெடல், அதாவது லூப்பர். முதல் மிதியில் ரெக்கார்டிங் தொடங்கும், இரண்டாவதில் முடிந்து சுற்று ஓடும்; அதன் மேல் புதுப் புது அடுக்குகளை வாசித்து ஏற்றலாம். லூப் பெடல் என்றதும் எத்தனை அடுக்கு ஏற்றலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். அடுக்கு எத்தனை வேண்டுமானாலும் ஏறும். ரெக்கார்டிங்கை முடிக்க எந்த நேரத்தில் மிதிக்கிறீர்கள் என்பதில்தான் லூப் நிற்பதும் விழுவதும்.

கணக்கு எளிது. நிமிடத்துக்கு 80 பீட் (தாளத் தட்டு), பாருக்கு (ஒரு தாள ஆவர்த்தத்துக்கு) 4 பீட் என்றால் ஒரு பீட் 0.75 நொடி, ஒரு பார் 3 நொடி, 4 பார் லூப் 12 நொடி. 0.1 நொடி பிந்தி மிதித்தால் லூப் 12.1 நொடி ஆகிவிடும். தனியாகக் கேட்டால் சின்ன விக்கல்தான். டிரம் மெஷின் கூட ஓடினால் ஐந்து சுற்றில் அரை நொடி, அதாவது ஒரு பீட்டில் மூன்றில் இரண்டு பங்கு, விலகியிருக்கும்.

பலர் நான்காவது பார் முடிந்ததும் மிதிக்கிறார்கள். மிதிக்க வேண்டியது ஐந்தாவது பாரின் 'ஒன்று' (முதல் பீட்) விழும் அதே கணத்தில், கையும் காலும் சேர்ந்து. வாசிப்பதை அங்கே நிறுத்தவும் கூடாது. நிறுத்தப் போகிறோம் என்ற நினைப்பே கடைசி பீட்டை இழுத்துவிடும். லூப்பின் நீளம் இரண்டு மிதிகளுக்கு இடையே உள்ள தூரம்தான். இரண்டுமே ஒரே அளவு பிந்தினால் நீளம் கெடாது. முதல் ஸ்ட்ரம்மின் (கம்பிகளை ஒருசேர வருடும் அடியின்) தலை மட்டும் கொஞ்சம் வெட்டுப்படும்.

இன்னொன்று: அமைதியிலிருந்து ரெக்கார்டிங்கைத் தொடங்காதீர்கள். கோர்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டங்களை) ஒரு சுற்று சும்மா வாசித்துவிட்டு, இரண்டாவது சுற்றின் 'ஒன்று'க்கு முதல் மிதி. அப்போது முந்தைய சுற்றின் கடைசி கோர்டின் ரீங்காரமும் லூப்பின் தொடக்கத்தில் பதிவாகிவிடும். சுற்று திரும்பும்போது கேட்கும் அந்த 'டக்' வெட்டு மறைவது இதனால்தான்.

இனி அடுக்குகள். ஜி, ஈ மைனர், சி, டி என்று பாருக்கு ஒரு கோர்டு வைத்துக்கொள்வோம். முதல் அடுக்கிலேயே ஆறு கம்பியையும் அள்ளி ஸ்ட்ரம் செய்தால் அடுத்து வருவதற்கு இடமே இருக்காது. தடித்த 6, 5-ஆம் கம்பிகளில் பேஸ் சுரம் மட்டும், இடையிடையே கம்பியை அமுக்கி 'சக்' அடி. இரண்டாவது அடுக்கு நடுக் கம்பிகளில், 2-ஆம், 4-ஆம் பீட்டில் மட்டும் வெட்டி அடிக்கும் கோர்டு. மூன்றாவது மேல் சுரங்களுக்குப் போகட்டும். 3, 2, 1-ஆம் கம்பிகளில் ஃப்ரெட்டுகள் (கிட்டார் கழுத்தின் கட்டங்கள்) இந்த வரிசையில்: ஜி-க்கு 7-8-7, ஈ மைனருக்கு 9-8-7, சி-க்கு 9-8-8, டி-க்கு 7-7-5. முதல் மூன்று கோர்டுக்கும் ஒவ்வொரு விரல்தான் நகர்கிறது. ஒவ்வொன்றாக மீட்டினால் கீழே ஓடும் அடுக்குகளோடு மோதவே மோதாது.

வால்யூம்: ஒரே அளவு சத்தமுள்ள இரண்டு வெவ்வேறு அடுக்குகள் சேர்ந்தால் ஏறத்தாழ 3 டெசிபெல் கூடும். அதே பகுதியை அச்சாக அப்படியே இன்னொரு முறை ஏற்றினால் 6 வரை போகும். கிட்டாரின் வால்யூம் குமிழை முதல் அடுக்குக்கு 7, அடுத்தவற்றுக்கு 5, 6 என்று வைத்தால், சோலோவுக்கு 10 கையில் இருக்கும்.

பெடல்களின் வரிசையில் சமரசம் வேண்டாம். கிட்டார், ட்யூனர், ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்குவது), டிலே (வாசித்ததைச் சற்றுத் தள்ளித் திரும்ப ஒலிப்பது), அதற்குப் பின் லூப்பர், அப்புறம் ஆம்ப் (ஒலிபெருக்கி). ஓவர்டிரைவ் லூப்பருக்குப் பின்னால் இருந்தால் எல்லா அடுக்கும் ஒன்றாக அதற்குள் நுழைந்து கூழாகிவிடும். ஆம்பின் சொந்த கெயினை (கரகரப்பை) நம்பி வாசிப்பவருக்கும் இதே கதிதான். அவர் லூப்பரை ஆம்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் (கெயினுக்குப் பின் பெடல்களை இணைக்கும் வாயில்) செருக வேண்டும். ரிவர்ப் (அறை எதிரொலி சேர்ப்பது) மட்டும் லூப்பருக்குப் பின்னால் இருப்பது நல்லது. முன்னால் வைத்தால் ஒவ்வொரு அடுக்கும் தன் எதிரொலியைத் தனித்தனியாகக் கொண்டுவந்து கொட்டும். டிலே நேரம் வேகத்தோடு பொருந்த வேண்டும்: 80 பீட்டுக்கு 750 மில்லிநொடி, அல்லது முக்கால் பீட் தள்ளி விழ 562.

இரைச்சலும் அடுக்கடுக்காகத்தான் ஏறும். ஒரு அடுக்கில் காதில் விழாத ஹம் ஆறாவதில் தனி வாத்தியமாகிவிடும். ஓவர்டப் (புது அடுக்கை ஏற்றுவது) ஓடும்போது வாசிக்காத இடங்களில் வால்யூமைப் பூஜ்யமாக்குங்கள். ஒரே அடாப்டரிலிருந்து பிரித்து எல்லா பெடலுக்கும் மின்சாரம் கொடுத்தால் டிஜிட்டல் பெடல்களின் கீச்சொலியும் உள்ளே வரும். தனித்தனி வெளியீடு உள்ள பவர் சப்ளை அதைத் தீர்க்கும்.

அண்டூ (கடைசியாக ஏற்றியதை அழிப்பது) பற்றி ஒரு எச்சரிக்கை. பல பெடல்களில் ஓவர்டப்பை நிறுத்தாமல் மூன்று சுற்று ஏற்றினால், அண்டூ மூன்றையும் சேர்த்தே அழிக்கும். ஒரு அடுக்கு முடிந்ததும் மிதித்து வெளியே வந்து, அடுத்ததற்கு மீண்டும் நுழையுங்கள்.

ஒரே சுவிட்ச் உள்ள பெடலை நிறுத்த இரட்டை மிதி. அதன் முதல் மிதி ஒரு கணம் ஓவர்டப்பைத் திறந்துவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. லூப்பை அதே பாட்டில் மறுபடி ஓட்டப்போகிறீர்கள் என்றால், மிதிக்கும்போது கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்ளுங்கள்.